மாநகராட்சி பட்ஜெட்டுக்குக் கருத்துக் கடிதம்: எதை முதலில் கேட்பது?

ஃபீனிக்ஸ் செயலர்:
எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் நகரத்தை நடத்துகிற எத்தெக்வினி மாநகராட்சியின் வரைவு பட்ஜெட் வந்துவிட்டது. ஜூலை 1-ல் புது நிதியாண்டு, மே முடிவதற்குள் கவுன்சில் அதை ஒப்புதலுக்கு எடுத்தாக வேண்டும். நடுவில் இருக்கும் இந்தச் சில வாரங்களில்தான் நம் பேச்சுக்கு மதிப்பு. டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் உள்ள எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் ஒரு கடிதம் கொடுக்கப்போகிறோம். கூட்டம் போட்டோம், ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நூலகக் கூரை, தெருவிளக்கு, கேமரா, பையன்களுக்கு வேலை, கடற்கரையை அழகுபடுத்தி டூரிஸ்டுகளை வரவழைப்பது, ரேட்ஸை, அதாவது சொத்து வரியைக் குறைப்பது. இத்தனையும் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். இரண்டு பக்கத்துக்குள் முடிக்க வேண்டும். கையில் காசு குறைவாக இருக்கும்போது ஊர் முதலில் எதற்குச் செலவழிக்க வேண்டும்? சொல்லுங்கள். கட்சிச் சண்டை மட்டும் வேண்டாம்.

சில்வர்க்ளென்:
ரேட்ஸைக் குறை, கரண்ட் விலையைக் குறை. இந்த ஒரு வரி போதும் அக்கா, மிச்சத்தை வெட்டிவிடுங்கள். 2021 ஜூலையில் கலவரம். 2022 ஏப்ரலில் வெள்ளம். 2023 முழுக்க லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு, போதாததற்கு அந்த வருடம் தேசிய மின் நிறுவனமான எஸ்காமின் விலை 18.65 சதவீதம் ஏறியது, அதற்கு அடுத்த வருடம் 12.74. என்னைப் போல வொர்க்‌ஷாப் வைத்திருப்பவன் எத்தனையைத்தான் தாங்குவான்? முடிந்தவர்கள் எல்லாம் பாலிட்டோவுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். கடையை மூடிய பிறகு பொருளாதார வளர்ச்சி என்று பேசி என்ன பயன்?

பழைய கணக்கர்:
தம்பி சொல்வது வயிற்றெரிச்சல், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கடிதத்தில் அப்படியே எழுதினால் ஒதுக்கிவிடுவார்கள். ஏன் என்று சொல்கிறேன்.

2025/26-க்குப் போட்ட பட்ஜெட் 70 பில்லியன் ராண்டுக்கு மேல். கேட்டால் மலைப்பாக இருக்கும். அதில் ஒரு பெரிய பங்கு இந்தக் கையில் வாங்கி அந்தக் கையில் கொடுப்பது. எஸ்காமிடம் மொத்தமாக மின்சாரம், உம்ங்கேனி-உதுகேலா வாட்டரிடம் மொத்தமாகத் தண்ணீர் வாங்கி நமக்கு விற்கிறார்கள். அந்த இரண்டு பில்லையும் தள்ளிப்போட முடியாது. சம்பளத்தையும் முடியாது, 2024 தொடக்கத்தில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஊர் பட்ட பாடு ஞாபகம் இருக்கும். கடனுக்கு வட்டி வேறு. ஆகக் காசுக்குத் தட்டுப்பாடு வரும்போது கை எங்கே போகும்? பராமரிப்புக்கு. இந்த வருடம் ஒரு வால்வை மாற்றாமல் விட்டால் இந்த வருடம் யாருக்கும் தெரியாது. தெரியும்போது வேறு யாராவது அந்த நாற்காலியில் இருப்பார்கள்.

பாலிட்டோ பற்றி ஒன்று. சிட்டியில் இருந்து உம்லாங்காவுக்குப் போனவர் இன்னும் நமக்குத்தான் ரேட்ஸ் கட்டுகிறார். பாலிட்டோ எத்தெக்வினியில் சேராது, அது க்வாடுகுஸா நகராட்சி. அங்கே போனவரின் ரேட்ஸ் போனதுதான். அந்த வரவு குறையக் குறைய, இங்கே இருப்பவன் தலையில் சுமை ஏறுகிறது. ரேட்ஸில் இரண்டு சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் அவர் திரும்பி வருவாரா? குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், மழை பெய்தாலும் ரோடு நிற்கும் என்றால் யோசிப்பார்.

மதுரைக்காரன்:
ஐயா, நான் வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, ஒரு சந்தேகம். எங்கள் ஊரில் கரண்டுக்கு மின்வாரியம். சென்னையில் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் 1978-ல் இருந்தே தனி வாரியம். மாநகராட்சியிடம் போய் கரண்ட் இல்லை என்று சொன்னால் சிரிப்பார்கள். இங்கே எல்லாம் ஒரே இடமா?

பழைய கணக்கர்:
ஆமாம். தண்ணீர், கழிவுநீர், மின் விநியோகம், குப்பை நான்கும் இங்கே மாநகராட்சியின் தலையில். அரசியல் சாசனத்திலேயே அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடமும் பெரிய ஆஸ்பத்திரியும் மாகாணம், போலீஸ் தேசிய அரசு, துறைமுகம் ட்ரான்ஸ்நெட் என்ற தேசிய அரசு நிறுவனம். செயலர் இதைக் கவனிக்க வேண்டும்: மாநகராட்சிக் கடிதத்தில் பள்ளி, ஆஸ்பத்திரி என்று எழுதினால் அது எங்கள் வேலை இல்லை என்று ஒரு வரியில் பதில் வரும். கேமராவைக் கேட்கலாம், மெட்ரோ போலீஸ் மாநகராட்சியுடையது.

இன்னொன்று. இந்த முறையில் மாநகராட்சி ஒரு வியாபாரியும்கூட. விற்பதில் மிஞ்சுகிற லாபமும் சேர்ந்துதான் நூலகமும் பூங்காவும் நடந்தன. இப்போது வசதி உள்ளவர்கள் கூரையில் சோலார் போட்டுவிட்டார்கள், மின்சார விற்பனை சரிகிறது. தண்ணீர்க் கணக்கோ அதைவிட மோசம்.

சில்வர்க்ளென்:
நானும் சோலார் போட்டவன்தான். லோட்ஷெடிங்கில் மெஷின் நின்றால் ஆர்டர் போய்விடும், வேறு என்ன செய்வது? இப்போது அதுவும் குற்றமா?

பழைய கணக்கர்:
குற்றம் என்று யார் சொன்னது? மழை பெய்தால் குடை பிடிக்கத்தான் செய்வார்கள். கணக்கு அப்படிப் போகிறது என்றுதான் சொன்னேன்.

குழாய்க்காரர்:
வணக்கம். நான் தமிழ் படித்தது கோயில் பள்ளிக்கூடத்தில், பிழை இருந்தால் டீச்சர் திருத்தட்டும். ஆயுள் முழுக்க பிளம்பர் வேலை, அதில் கடைசிக் காலம் கசிவு கண்டுபிடிக்கிற கான்ட்ராக்டரிடம். கணக்கர் ஐயா தண்ணீர்க் கணக்கு என்றாரே, அதைத் தரையில் இருந்து சொல்கிறேன்.

கசிவு தேடுவது ராத்திரி வேலை. இரண்டு மணியில் இருந்து நாலு மணி வரை. ஊர் தூங்குகிறது, யாரும் குளிக்கவில்லை, துணி துவைக்கவில்லை. அந்த நேரத்திலும் ஏரியா மீட்டர் ஓடிக்கொண்டிருந்தால் அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி மண்ணுக்குள் போகிறது என்று அர்த்தம். வால்வு மூடியைத் தூக்குவோம். ஒரு நீள இரும்புக் கம்பி, ஒரு முனை வால்வின் தலையில், மறு முனை காதில். நல்ல குழாயில் சத்தமே இருக்காது. கசிகிற குழாய் ‘ஸ்ஸ்’ என்று இரையும். அடுத்த வால்வுக்குப் போவோம், அங்கே சத்தம் கூடினால் இன்னும் முன்னே, குறைந்தால் திரும்பி வருவோம். இப்படியே ஒரு தெருவைச் சல்லடை போட்டுவிடலாம். தோண்டினால் சில சமயம் கட்டைவிரல் அளவு ஓட்டைதான், ஆனால் எத்தனை காலமாக ஓடுகிறதோ, கீழே மண் கஞ்சியாகக் கிடக்கும். மேலே ரோடு காய்ந்திருக்கும். ரோட்டில் தண்ணீர் வந்தால்தான் கசிவு என்று நினைக்கிறவர்களுக்கு இது புரியாது.

டர்பன் மேடும் பள்ளமுமான ஊர். தொட்டி குன்றின் மேல், வீடுகள் சரிவில். பள்ளத்தில் இருக்கிற குழாய்க்கு அழுத்தம் அதிகம், ராத்திரியில் புழக்கம் குறையும்போது இன்னும் ஏறும். குழாய் வெடிப்பது பெரும்பாலும் அப்போதுதான். அழுத்தம் குறைக்கிற வால்வைப் போட்டு ராத்திரியில் இறக்கிவைத்தால் வெடிப்பதும் குறையும், கசிவதும் குறையும். குழாய் முழுவதையும் மாற்றுவதைவிட இது எவ்வளவோ மலிவு. ஆனால் அந்த வால்வைப் போட்டுவிட்டுப் பார்க்காமல் விட்டால் குப்பை அடைத்து அதுவும் கெடும். ஆள் வேண்டும்.

சாட்ஸ்வொர்த் 1960-களில் கட்டியது. ஃபீனிக்ஸ் 1976-ல் இருந்து. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் ஜனங்களை அள்ளிக்கொண்டு போட அவசர அவசரமாகக் கட்டிய ஊர்கள். அந்தக் குழாய்களுக்கு வயது என்ன என்று நீங்களே கணக்குப் போடுங்கள். 2007-க்கு அப்புறம் பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய்களைப் பெரிய அளவில் மாற்றினார்கள். ரோடெல்லாம் தோண்டிப் போட்டார்கள் என்று அப்போது ஜனங்கள் திட்டினார்கள். நல்ல வேலை அது. அந்த மாதிரி வேலையை நிறுத்தக் கூடாது.

டோங்காட்:
2022 வெள்ளத்தில் எங்கள் ஊர் சுத்திகரிப்பு நிலையமே அடித்துக்கொண்டு போனது. மாதக்கணக்கில் டேங்கர் தண்ணீர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதற்கு முன்னால் வாளியோடு வரிசையில் நின்றோம். ஜோஜோ டேங்க் என்ற பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியை வாங்க முடிந்தவர்கள் வாங்கினார்கள், மற்றவர்கள் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பிடித்தார்கள். ஆயா ஒருத்தி புரட்டாசி விரதத்துக்குப் பாத்திரம் தேய்க்கத் தண்ணீர் இல்லை என்று அழுதாள். குழாய்க்காரர் அண்ணன் எழுதியதற்கு மேல் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. தண்ணீரை முதல் வரியில் போடுங்கள்.

சில்வர்க்ளென்:
சரி, தண்ணீர். ஆனால் உண்மையைப் பேசுவோம். பாதித் தண்ணீர் எங்கே போகிறது? மீட்டர் இல்லாமல், குழாயில் ஹோஸைச் சொருகி எடுக்கிறார்கள். நாம் கட்டுகிறோம், மற்றவர்கள் குடிக்கிறார்கள். இதை எழுத யாருக்குத் தைரியம் இருக்கிறது?

மெரிபேங்க் டீச்சர்:
தம்பி, 2021 ஜூலைக் கலவரத்தில் இந்தியரும் கறுப்பரும் மோதிய பிறகு ‘நாம்’, ‘அவர்கள்’ என்று பேசுவது எங்கே கொண்டுபோய் விட்டது என்று ஃபீனிக்ஸ்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கும் அந்தக் காயம் ஆறவில்லை. இந்தக் கடிதத்தில் அந்தத் தொனி ஒரு சொல்லில் வந்தாலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன். தகர வீட்டில் இருப்பவருக்குத் தெருமுனைக் குழாய் ஒன்று, அதுவும் சில நாள் வராது. அவர் எங்கே போவார்? திருட்டு இணைப்பு என்றால் பங்களாவிலும் இருக்கிறது, தொழிற்பேட்டையிலும் இருக்கிறது.

பழைய கணக்கர்:
சண்டை வேண்டாம், கணக்கைப் பார்ப்போம். வாங்கிய தண்ணீரில் காசு வராத தண்ணீர் என்று ஒரு கணக்கு உண்டு. அதில் நான்கு வகை சேரும்: மண்ணில் கசிவது, திருட்டு இணைப்பு, கெட்டுப்போன மீட்டர் குறைத்துக் காட்டுவது, கணக்கில் ஏற்றியும் பில் போடாமல் கொடுப்பது. தேசிய நிதித்துறையான நேஷனல் ட்ரெஷரியின் 71-ஆம் சுற்றறிக்கை இது 15 முதல் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. எத்தெக்வினியில் பாதிக்கு மேல். அதாவது இரண்டு லிட்டர் வாங்கினால் ஒன்றுக்குக்கூட முழுக் காசு வரவில்லை. இதை வெறும் திருட்டு என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொள்வது அதிகாரிகளுக்கும் வசதியான பேச்சு, ஏனென்றால் கசிவுக்குப் பொறுப்பு அவர்கள்தான், வேறு யாரும் இல்லை. ஊர்க்காரர்களைக் குற்றம் சொல்லி எழுதினால் அவர்களுக்குத் தப்பிக்க நாமே வழி காட்டியதாக ஆகும்.

எனக்கு வருத்தம் என்ன தெரியுமா? ஏழை வீட்டுக்கு இலவசத் தண்ணீர் என்பதை 1990-களின் கடைசியிலேயே செய்து காட்டியது டர்பன். அப்புறம்தான் அது நாடு முழுக்கக் கொள்கை ஆனது, வீட்டுக்கு மாதம் 6 கிலோலிட்டர். 2014-ல் ஸ்டாக்ஹோமில் இதே மாநகராட்சியின் தண்ணீர்த் துறைக்கு உலக அளவில் பரிசு கொடுத்தார்கள். தெரியாத வேலை இல்லை இது. தெரிந்த வேலையை விட்டுவிட்டார்கள்.

சந்தைக்கார அக்கா:
நான் எர்லி மார்னிங் மார்க்கெட்டில் காய்கறிக் கடை. எங்கள் தாத்தா காலத்துக் கடை. நீங்கள் எல்லோரும் குழாயையே பேசுகிறீர்கள், சரிதான், ஆனால் பிழைப்பைப் பற்றி ஒருவராவது எழுதுங்கள்.

1910-ல் இருந்து நடக்கிற சந்தை. கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தம் முடிந்த நம் ஆட்கள் ஆற்றோரம் கீரையும் வெண்டைக்காயும் போட்டுத் தலையில் சுமந்து வந்து விற்ற வழியில் வந்தது. 2009-ல் உலகக் கோப்பை வருகிறது, வளர்ச்சி வருகிறது என்று சொல்லி, அதை இடித்து மால் கட்டப் பார்த்தார்கள். நாங்கள் எல்லோரும் ஒன்றாக நின்றோம், சூலு இனத்து அம்மாக்கள், நாங்கள், சுமை தூக்குகிறவர்கள். கோர்ட்டு வரை போனது. மால் வரவில்லை. எங்கள் சந்தை இருக்கிற வார்விக் பகுதி வழியாக ஒரு நாளைக்கு நாலு லட்சம் பேருக்கு மேல் போகிறார்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். அவ்வளவு பேர் நடக்கிற இடத்தில் வியாபாரத்தை உண்டாக்க யாரும் முதலீடு செய்ய வேண்டியதில்லை, அது தானாகவே இருக்கிறது. எங்களுக்கு வேண்டியது ஒழுகாத கூரை, சுத்தமான கழிப்பறை, தண்ணீர் வருகிற குழாய், குப்பை எடுக்கிற லாரி, இருட்டில் வருகிறவர்களுக்கு விளக்கு. விடியுமுன் மூட்டை இறக்குகிறோம், ஞாபகம் இருக்கட்டும். பொருளாதார வளர்ச்சி என்ற தலைப்பில் புதுக் கட்டடத்தைத்தான் போடுவார்கள். சந்தைக்கு வாளியும் துடைப்பமும் போடுவது வளர்ச்சிக் கணக்கில் வராதா?

மதுரைக்காரன்:
அக்கா சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் டூரிஸத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். ஹோட்டலில் வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர் இந்த ஊரில். கடற்கரைதான் டர்பனின் சொத்து. அதற்குச் செலவு செய்யாமல் எப்படி?

பழைய கணக்கர்:
செலவு செய்யலாம் தம்பி, எதில் என்பதுதான். வெள்ளத்துக்கு அப்புறம் கழிவுநீர் கடலில் கலந்து, ஈ கோலை (E. coli) கிருமியின் அளவு ஏறி, 2022 கடைசியில் சீசன் நேரத்தில் கடற்கரைகளையே மூடினார்கள். விளம்பரத்துக்கு எத்தனை மில்லியன் போட்டாலும் ‘குளிக்காதீர்கள்’ என்ற பலகைக்கு முன்னால் அது என்ன செய்யும்? பம்ப் ஸ்டேஷனைச் சரிசெய்வதுதான் இந்த ஊரின் டூரிஸம் பட்ஜெட். டொயோட்டாவைப் பாருங்கள். அவர்களுடைய ப்ராஸ்பெக்டன் கார் ஆலைக்குள் 2022-ல் வெள்ளம் புகுந்து மாதக்கணக்கில் நின்றது. வடிகாலும் கால்வாயும் யார் வேலை என்று முதலீடு செய்கிறவன் கேட்பானா மாட்டானா?

அந்த உலகக் கோப்பைக்குக் கட்டிய மோசஸ் மபிடா ஸ்டேடியம் 3 பில்லியன் ராண்டுக்கு மேல். அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை, என் பேரனே அந்த வளைவில் ஏற வேண்டும் என்று அடம் பிடித்தான். பக்கத்திலேயே கிங்ஸ் பார்க் இருக்கிறது, ரக்பி இன்றும் அங்கேதான். இரண்டு ஸ்டேடியம் பக்கம் பக்கமாக, புதியதை வருடா வருடம் பராமரிக்கிற செலவு நமக்கு.

செயலர், கடிதத்தில் எழுதச் சட்டமே ஒன்று கையில் இருக்கிறது. 2003-ன் நகராட்சி நிதிச் சட்டம், பிரிவு 19. புதுத் திட்டம் எதற்கும் ஒப்புதல் கொடுக்குமுன், கட்டி முடித்த பிறகு அதை நடத்த வருடத்துக்கு எவ்வளவு ஆகும், அதனால் ரேட்ஸும் கட்டணமும் எவ்வளவு ஏறும் என்று கவுன்சில் பார்த்தாக வேண்டும். கோ டர்பன் என்ற விரைவுப் பஸ் திட்டத்தின் நிலையங்கள் கட்டி முடித்தும் பஸ் ஓடாமல் வருடக்கணக்கில் நின்றன. ஒவ்வொரு புதுத் திட்டத்துக்கும் அந்தக் கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டாலே பாதி ஆசைகள் அடங்கிவிடும்.

மெரிபேங்க் டீச்சர்:
ரேட்ஸ் பற்றி ஒரு வரி வேண்டும் என்பேன், பென்ஷன்காரர்களுக்காக. வீட்டு மதிப்பில் முதல் 15,000 ராண்டுக்கு ரேட்ஸ் போடக் கூடாது என்று 2004 சட்டம். இன்றைக்கு 15,000 ராண்டில் கோழிக்கூண்டு கட்டலாம். மாநகராட்சி அதற்கு மேலும் சலுகை தருகிறது, முதியோருக்குத் தனியாகவும் தருகிறது, ஆனால் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. சலுகையைக் கூட்டு என்று கேட்பதைவிட, வார்டுக்கு ஒரு நாள் வந்து விண்ணப்பப் படிவம் நிரப்பிக்கொடு என்று கேட்கலாம். செலவும் குறைவு.

ஃபீனிக்ஸ் செயலர்:
எல்லாவற்றையும் படித்தேன். இதோ முதல் வரைவு, கிழித்துத் தொங்கவிடுங்கள்:

“இக்கட்டான இந்தக் காலத்தில் புதிய பெரிய கட்டுமானங்களைவிட, இருக்கும் தண்ணீர், கழிவுநீர், வடிகால் வசதிகளைக் காப்பதற்கு முதலிடம் தர வேண்டுகிறோம். சொத்து மதிப்பில் 8 சதவீதம் பராமரிப்புக்கு என்பது நேஷனல் ட்ரெஷரியின் அளவுகோல். அதை எந்த ஆண்டில் எட்டுவீர்கள் என்று வருடவாரியாகச் சொல்லுங்கள். தண்ணீர் விற்ற பணம் தண்ணீருக்கே செலவாகிறது எனக் காட்டத் தனிக் கணக்கு வையுங்கள். ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட், சாட்ஸ்வொர்த் பகுதிகளில் இரவு நேர ஓட்டத்தை அளந்து, ஏரியாவாரியாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுங்கள். கசிவுக் குழுக்களில் உள்ளூர் இளைஞர்களைப் பயிற்சி கொடுத்துச் சேருங்கள். வார்விக் சந்தைகளின் கூரை, கழிப்பறை, விளக்கு ஆகியவற்றைப் பொருளாதார வளர்ச்சித் தலைப்பிலேயே ஒதுக்குங்கள். புதிய திட்டம் ஒவ்வொன்றுக்கும் பிரிவு 19 கணக்கைப் பொதுமக்களுக்குக் காட்டுங்கள்.”

டீச்சரின் படிவம் விஷயம் கடைசியில் வரும். நூலகக் கூரை இல்லை, எங்கள் கமிட்டியில் அடி விழும், பார்த்துக்கொள்கிறேன்.

குழாய்க்காரர்:
‘பயிற்சி கொடுத்து’ என்பதை அழுத்தமாக எழுதுங்கள். அரசு வேலைத் திட்டம் என்று சொல்லி மூன்று மாதத்துக்குப் புல் வெட்ட விட்டு அனுப்பிவிடுகிறார்கள். கம்பியை வைத்துக் கேட்கப் பழக ஒரு பையனுக்கு ஒரு வருடம் வேண்டும். பழகிவிட்டால் அவனுக்கு ஆயுளுக்கும் சோறு. என் காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, சனிக்கிழமை சொல்லிக்கொடுக்க வருவேன், சம்பளம் வேண்டாம்.

சில்வர்க்ளென்:
ரேட்ஸ் குறைப்பு எங்கே? தேடித் தேடிப் பார்த்தேன். குழாய் சரியானால் தானாகக் குறையும் என்கிறீர்கள், நான் நம்பவில்லை. மிஞ்சுகிற காசை வேறு எதிலாவது போடுவார்கள். குறைந்தபட்சம், தண்ணீர் இழப்பு குறைகிற அளவுக்குக் கட்டண உயர்வையும் குறைப்போம் என்று வாக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அது இருந்தால் கையெழுத்துப் போடுகிறேன். இல்லாவிட்டால் தனியாக என் கடிதத்தை அனுப்புவேன்.

பழைய கணக்கர்:
இது நல்ல வரி. சேருங்கள். 2021 தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை, பட்ஜெட்டை நிறைவேற்ற ஒவ்வொரு கையும் எண்ண வேண்டியிருக்கிறது. இந்த மாதிரி வாக்குறுதியைக் கேட்க இதைவிட நல்ல நேரம் இல்லை. சின்னக் கட்சிக் கவுன்சிலர்களுக்கும் தனித்தனியாக ஒரு பிரதி போகட்டும். ‘8 சதவீதம்’ என்ற இடத்தில் 71-ஆம் சுற்றறிக்கை என்று எண்ணைப் போடுங்கள், இல்லாவிட்டால் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டு ஒரு மாதம் ஓட்டிவிடுவார்கள்.

சந்தைக்கார அக்கா:
சூலுவிலும் ஒரு பிரதி வேண்டும். என் பக்கத்துக் கடை அம்மாவும் அவர்கள் சங்கமும் கையெழுத்துப் போடத் தயார், ஆனால் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். நியாயம்தானே?

மெரிபேங்க் டீச்சர்:
என்னோடு வேலை பார்த்த சூலு டீச்சர் ஒருவர் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துத் தருகிறேன் என்கிறார். செயலர், சில்வர்க்ளென் தம்பியின் வரியையும் சேர்த்து முழு வரைவை எனக்கு வெள்ளி ராத்திரிக்குள் அனுப்பிவிடுங்கள்.